கொண்டுவந்தவர் சொன்னது

மருத்துவப் பதிவுகளை இணைக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று போன மாதம் என்னைத் தஞ்சாவூருக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். போண்டாவும் காப்பியும் நன்றாக இருந்தன. உங்களில் ஒருவர் பெரிய திரையில் வித்தை காட்டினார். மூன்று ஆஸ்பத்திரிகளின் பதிவுகள் எங்கிருந்தோ ஓடி வந்து ஒரே நோயாளியின் பெயருக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்துகொண்டன. எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன்.

“ஒரே விஷயம் ரெண்டு இடத்துல ரெண்டு விதமா எழுதியிருந்தா என்ன பண்ணுவீங்க?”

“பெரிய ஆஸ்பத்திரி ரெக்கார்டை எடுத்துக்குவோம் மேடம். சிஸ்டமே பண்ணிடும்” என்றார் அவர். மற்றவர்கள் தலையாட்டினீர்கள்.

பேச வந்ததை விட்டுவிட்டு எதையோ பேசி, பொன்னாடையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பஸ் அம்மாபேட்டை தாண்டுவதற்குள் கோபம் வந்துவிட்டது. உங்கள் மேல் இல்லை. அந்த வாக்கியத்தின் மேல். இதே வாக்கியத்தை என் இருபத்தாறாவது வயதில் கேட்டிருக்கிறேன். அதோடு சண்டை போட்டிருக்கிறேன். அதற்காகத் தூக்கியும் அடிக்கப்பட்டிருக்கிறேன். ஓய்வுபெற்றவர்கள் கடைசியில் சமாதானமாகிவிடுவார்கள் என்று நீங்கள் நினைத்தால், நான் ஆகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது எண்பதுகளின் தொடக்கம். எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டரைப் படத்தில்தான் பார்த்திருந்தோம். புள்ளியியல் படித்துவிட்டு ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். வயலில் பூச்சிமருந்து அடிக்கிறவர்களுக்கு என்ன வருகிறது, வந்த பிறகு அவர்கள் என்ன ஆகிறார்கள் என்று கண்டறிவதுதான் திட்டம். குறுவை நெல்லில் புகையான் பூச்சி விழுந்து பயிர் வட்டம் வட்டமாகக் கருகிக்கொண்டிருந்த காலம் அது. பண்ணைகளில் மருந்தை அண்டாவில் கரைத்து ஆள் விட்டு அடித்தார்கள். அடித்த ஆட்கள் வெறும் மேலோடு, முகத்தில் ஒரு துண்டுகூட இல்லாமல், தெளிப்பானை முதுகில் சுமந்துகொண்டு நடந்தார்கள்.

அவர்களில் ஒருவருக்குத் தலை சுற்றினால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவார். கை கால் நடுக்கம் நிற்காவிட்டால் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போவார். நினைவு தப்பினால் யாராவது தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மூன்று இடமும் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கும். ஒன்றின் நம்பர் மற்றதற்குத் தெரியாது. ஒரே மனிதனின் துண்டுகளைத் தேடிப் பிடித்து ஒரே கார்டில் சேர்ப்பது என் வேலை. நீங்கள் சர்வர் என்று சொல்கிறீர்களே, எங்களுக்கு அது செருப்புக்கடையிலிருந்து வாங்கி வந்த காலி அட்டைப்பெட்டிகள். எலி கடிக்காமல் இருக்க அதற்குள் ரசகற்பூர உருண்டை போட்டு வைப்போம்.

ஆரம்பத்தில் நாங்கள் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டோம். எங்கள் இணைப்பில் மாரிமுத்து என்ற ஓர் ஆள் ஆனியில் மருந்தடித்து மயங்கி விழுந்து, ஆவணியில் ஆண் குழந்தை பெற்றிருந்தார். பிரசவத்துக்கு வந்த அவர் மனைவியைக் கணவன் பெயரிலேயே பதிந்திருந்தார்கள். திட்டத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்த பிறகு பெட்டியை முதலிலிருந்து பிரித்தோம்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. சுகாதார நிலையத்தில் ஒருவர் தன் தகப்பன் பெயரைச் சொல்லியிருப்பார். அதே ஆள் பெரிய ஆஸ்பத்திரியில் தகப்பன் இல்லாதவராகிவிடுவார். ‘பொறுப்பாளர்’ என்ற இடத்தில் பண்ணையின் பெயர் இருக்கும். நினைவில்லாத ஆளைப் பண்ணை வண்டியில் கொண்டுவந்து இறக்கினால், பதிவு எழுதுகிறவர் “யாரு பொறுப்பு?” என்று கேட்பார். கூட வந்தவர் “நம்ம பண்ணை ஆளு” என்பார். அப்படியே எழுதிவிடுவார்கள். கூலிக்காரனுக்குக் குடும்பம் உண்டு என்பது அந்த இடத்தில் யாருக்கும் தோன்றாது. குடியிருப்பு மனையைச் சட்டம் போட்டு அவர்களுக்கே சொந்தமாக்கிப் பல வருஷம் ஆன பிறகும் ஆஸ்பத்திரிப் பதிவில் அவர்கள் பண்ணைக்குச் சொந்தமாகவே இருந்தார்கள். எந்தத் தெரு எந்தப் பண்ணையைச் சேர்ந்தது என்று ஊர் ஊராக விசாரித்து, அதை வைத்துத்தான் பதிவுகளைப் பொருத்தினேன். எனக்கு அது கஷ்டமாக இல்லை. நானும் அப்படி ஒரு தெருவில் பிறந்தவள்தான்.

பொருந்த ஆரம்பித்த பிறகுதான் அந்த விஷயம் தெரிந்தது. சுகாதார நிலையத்தில் ‘மருந்து அடித்தபோது தலைசுற்றல், வாந்தி’ என்று இருக்கும். அதே ஆளுக்கு அதே நாளில் பெரிய ஆஸ்பத்திரியில் ‘குடும்பத் தகராறில் பூச்சிமருந்து குடித்தார்’ என்று இருக்கும். ஒன்றிரண்டு என்றால் விட்டிருப்பேன். மறுபடி மறுபடி வந்தது.

எங்கள் திட்டத்தின் தலைவர் ஒரு பேராசிரியர். பெயர் சொல்லமாட்டேன். நேர்மையான மனிதர். களப்பணிக்குப் போனால் பண்ணை வீட்டில் மோர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். அவர் அப்போதே ஒரு விதி வைத்திருந்தார். இரண்டு பதிவு முரண்பட்டால் மேல்நிலை ஆஸ்பத்திரியின் பதிவே சரி. கீழ்நிலைப் பதிவை அடித்துவிட வேண்டும். மேலே பெரிய டாக்டர் இருக்கிறார், பரிசோதனைக்கூடம் இருக்கிறது, இறந்தால் பிரேதப் பரிசோதனை இருக்கிறது. காரணம் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும்.

அந்த விதிப்படி நான் அடித்துவிட வேண்டிய பதிவுகளில் ஒன்று கோவிந்தன் என்ற இளைஞருடையது. நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஓர் ஊர். பதிவு சரியா என்று பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவர் மனைவி அஞ்சலை இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. பின்னால் மாமியார் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

“அவங்க எங்கூடப் பேசுறதில்லக்கா” என்றாள் அஞ்சலை. “நாந்தான் சண்ட போட்டு அவர மருந்து குடிக்க வச்சேனாம். காரியக்காரரு வந்து சொல்லிட்டுப் போனாரு. ஆஸ்பத்திரியிலயும் அப்புடித்தான் எழுதியிருக்காம். போலீசு வேற வந்து என்னென்னமோ கேட்டுச்சு.”

காரியக்காரர் என்பவர் பண்ணையில் ஆட்களை வேலைக்கு அனுப்பிக் கண்காணிப்பவர். சுகாதார நிலையத்துக்குப் போய்த் திரும்பிய பிறகு நினைவு தப்பிய கோவிந்தனைப் பண்ணை வண்டியில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனது அவர்தான். அந்த வருஷம் விவசாயத் தொழிலாளர் சங்கம் காற்றடிக்கும் நேரத்தில் மருந்தடிக்க ஆள் விடக்கூடாது, கைக்கு உறையும் முகத்துக்கு மூடியும் தர வேண்டும் என்று கொடி பிடித்துக்கொண்டிருந்தது. வயலில் ஒருவன் மருந்தடித்துச் செத்தான் என்றால் மறுநாள் பண்ணை வாசலில் கூட்டம் நிற்கும். வீட்டுச் சண்டையில் குடித்துச் செத்தான் என்றால் யாரும் வரமாட்டார்கள். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். வாயைத் திறந்தால் நடவுக்குக் கூப்பிடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

“சண்டையே போட்டதில்லன்னு சொல்லலக்கா. யாரு வூட்டுலதான் சண்ட இல்ல? ஆனா அன்னிக்கி ஒண்ணுமே இல்ல. பழையது சாப்ட்டாரு, புள்ளையத் தூக்கிக் கொஞ்சுனாரு, போனாரு. இப்ப இவரு தம்பிங்க என்னைப் பொறந்த வூட்டுக்குப் போவச் சொல்றாங்க. மனை மாமியார் பேருல இருக்கு. சம்பா அறுப்பு முடிஞ்சதும் சனங்களக் கூட்டி முடிவு பண்ணப் போறாங்க. எங்க ஆத்தா அப்பன் ரெண்டு பேருமே இல்ல. நான் இந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கக்கா போவேன்?”

கேட்டுவிட்டு என் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்தாள்.

“நீங்க எழுதுறதுல அவரு குடிச்சாருன்னு இருக்கா, அடிச்சாருன்னு இருக்கா?”

“ரெண்டு எடத்துல ரெண்டு விதமா இருக்கும்மா” என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு அப்போது அனுமதி இல்லை.

“அது எப்புடி ரெண்டு விதமா இருக்கும்? செத்தது ஒரு ஆளுதானே?” என்றாள். மண்ரோட்டில் நடந்து பஸ்ஸுக்கு வந்தேன்.

மறுநாள் பேராசிரியரிடம் போய், கோவிந்தனின் பெயரைச் சொல்லாமல் கார்டு நம்பரை மட்டும் சொல்லி, அதில் அடிக்கமாட்டேன் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வந்தால் அவருக்கு அது பழக்கம்.

“உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. இது ஆராய்ச்சி. பிரேதப் பரிசோதனையில விஷம்னு வந்திருக்கு.”

“விஷம் இல்லன்னு யாரு சார் சொன்னா? வாய் வழியாப் போச்சா, தோல் வழியாப் போச்சா? நம்மகிட்ட இருக்கிற பிரேதப் பரிசோதனைச் சுருக்கத்துல அது இருக்கா?”

“இல்ல. அதனாலதானே பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எழுதினத எடுத்துக்கிறோம்?”

“அந்த டாக்டர் எப்படி எழுதினார் சார்? அந்த ஆளுக்கு நினைவே இல்ல. அவரு வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல. கூட வந்த ஆளு சொன்னத டாக்டர் எழுதினார். இங்க சுகாதார நிலையத்துல அதே ஆளு தானா நடந்து வந்து, பெஞ்சில உக்காந்து, தன் வாயால சொல்லியிருக்கார். நீங்க ஆஸ்பத்திரி பெருசா சிறுசான்னு பாக்குறீங்க. யாரு வாயிலேர்ந்து வந்துச்சுன்னு பாக்க வேணாமா?”

நான் விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் விஷம், விபத்து என்று வருகிறவர்களுக்குத் தனிப் பதிவு உண்டு. அதில் ‘கொண்டுவந்தவர்’ என்று அச்சடித்த ஓர் இடம் இருக்கும். எல்லோரும் எழுதுவார்கள், ஒருவரும் படிக்கமாட்டார்கள். எங்கள் இணைப்புக் கார்டை வடிவமைத்தபோது, நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இடம் பத்தாது என்று குழு அதை எடுத்துவிட்டிருந்தது. நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். ‘குடித்தார்’ என்று எழுதியிருந்த இடங்களில் கொண்டுவந்தவர் மனைவியாகவோ அண்ணனாகவோ இருப்பதும் உண்டு. எங்கள் கார்டில் முரண்பட்டவர்களின் பதிவுகளில் மட்டும் திரும்பத் திரும்பப் பண்ணை ஆள்தான்.

“அந்தக் கட்டத்தத் திரும்பச் சேருங்க சார். ரெண்டு பதிவையும் வைங்க. ஒண்ணையும் அடிக்காதீங்க. பக்கத்துல யாரு சொன்னதுன்னு எழுதுங்க. படிக்கிறவங்க முடிவு பண்ணட்டும்.”

“எல்லாக் கார்டையும் மறுபடி எழுதணுமே.”

“எழுதுறேன்.”

“தனியாளா?”

“தனியாளாத்தான்.”

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “விதி நான் வச்சது. என்னாலயே மாத்த முடியும். எழுதுங்க” என்றார். அவ்வளவுதான். அவர் என்னைப் பாராட்டவும் இல்லை, முதுகில் தட்டவும் இல்லை. தன் விதி தப்பு என்று தெரிந்ததும் ஒரு நிமிஷம்கூட அதைக் கட்டிக்கொண்டு அழாத மேலதிகாரியை அதற்குப் பிறகு என் முப்பது வருஷ வேலையில் நான் பார்த்ததில்லை. உங்களுக்காவது அப்படி ஒருவர் வாய்க்க வேண்டும்.

மார்கழி முழுக்க எழுதினேன். என்ன எழுதுகிறேன் என்பது எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. தையில் திட்டத்தை மதிப்பிடத் தஞ்சாவூரில் கூட்டம் போட்டார்கள். அதிகாரிகளோடு ஆஸ்பத்திரி ஆலோசனைக் குழு உறுப்பினர் ஒருவரும் வந்து நடுநாற்காலியில் உட்கார்ந்தார். அவர்தான் கோவிந்தன் வேலை பார்த்த பண்ணையின் முதலாளி. ஆட்சி மாறும்போதெல்லாம் அவர் வேட்டியின் கரையும் மாறும் என்று எங்கள் பக்கம் கேலி செய்வார்கள். மேடையில் ஏறினால் உழைக்கும் மக்கள், சுயமரியாதை என்று தொண்டை கிழியப் பேசுவார். அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினார்.

“எங்க பண்ணை பேரெல்லாம் இதுல வருதாமே. நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல. ஆராய்ச்சி நடக்கட்டும். இந்த முரண்பாடுங்கிறீங்களே, அது எந்தெந்த ஆளுங்கன்னு பேரக் குடுத்துட்டா நானே விசாரிச்சு உண்மையச் சொல்லிடுறேன். உங்களுக்கும் வேலை மிச்சம்.”

அவர் விசாரிப்பது எப்படி இருக்கும் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதிகாரிகள் இது நல்ல யோசனைதான் என்பது போலத் தலையாட்டினார்கள். எல்லோரும் பேராசிரியரைப் பார்த்தார்கள்.

“பேருங்க எங்கிட்ட இல்லீங்க” என்றார் அவர். “ஆராய்ச்சிக் கார்டுல நம்பர்தான் இருக்கும். எந்த நம்பர் யாருன்னு இந்த அம்மாகிட்ட மட்டுந்தான் இருக்கு. நானே கேட்டாலும் தரக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கோம்.”

பண்ணையார் என் பக்கம் திரும்பினார்.

“நீ எந்த ஊரும்மா?”

“நீடாமங்கலத்துக்குக் கெழக்கங்க.”

“ஊருக்குள்ளயா?”

“இல்லங்க. வாய்க்காலுக்கு அந்தாண்ட.”

“அதான் பாத்தேன்” என்று சிரித்தார்.

“நல்லாப் பாத்துக்குங்க” என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

ஓர் அதிகாரி குறுக்கே வந்தார். “யாருகிட்டப் பேசுறேன்னு தெரியுதா? கேக்குறாங்கல்ல, பேரக் குடு.”

“யாருன்னு தெரியும் சார். அதனாலதான் குடுக்க மாட்டேன். வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட வந்து சொன்னவங்க இவங்க. முதலாளிகிட்டப் போயி சொல்லச் சொல்லி எங்கிட்டக் குடுக்கல.”

“வேலை போயிடும்.”

“போவட்டும் சார். பேரு போவாது.”

பண்ணையார் எழுந்தார். பேராசிரியர் அவரிடம், “உக்காருங்க, அடுத்த பக்கத்துல கொண்டுவந்தவர் அட்டவணை இருக்கு, விளக்கிச் சொல்றேன்” என்று அத்தனை மரியாதையோடு சொன்னார். எனக்கு அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. பண்ணையார் உட்காரவில்லை.

வேலை போகவில்லை. திட்டத்திலிருந்து என்னைக் கழற்றிப் பூம்புகார் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்துக்கு, பிறப்பு இறப்புக் கணக்கு எழுத மாற்றினார்கள். பெயர்களையும் நம்பர்களையும் வைத்திருந்த பெட்டியைப் பேராசிரியர் முன்னால் பூட்டி, முத்திரை வைத்து, அரக்கு காய்ந்த பிறகே அந்த அறையை விட்டு வந்தேன். இரண்டு பதிவும், சொன்னவர் யார் என்ற கட்டமும் அறிக்கையில் வெளிவந்தன. மேல்நிலைப் பதிவே சரி என்ற விதி வெளிவரவில்லை.

இது ஜெயித்த கதை என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. அஞ்சலையின் வீடு போய்க்கொண்டிருந்தது. எங்கள் அறிக்கையில் அவள் கணவன் ஒரு நம்பர். நம்பரைக் காட்டி அவள் யாரிடம் நியாயம் கேட்பாள்?

பூம்புகாருக்குப் போவதற்கு முந்தின நாள் அவள் ஊருக்குப் போனேன். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்வது விதிமீறல் இல்லையா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பேர்களைப் பண்ணையாருக்குத் தரமாட்டேன் என்று முரண்டு பிடித்தவளும் நான்தான். ஆனால் கோவிந்தன் சொன்ன வார்த்தை எனக்குச் சொந்தமா? திட்டத்துக்குச் சொந்தமா? அவன் கடைசியாகப் பேசிய நாலு வார்த்தையை அவன் பெண்டாட்டி கேட்டால் மறைத்து வைக்க நான் யார்? அஞ்சலையைத் தனியே கூப்பிட்டேன். “அவரு சுகாதார நிலையத்துல என்ன சொன்னாருன்னு தெரியும். ஒனக்கு வேணும்னா ஒங்கிட்ட மட்டும் சொல்றேன். வேணாம்னா இப்புடியே போயிடுறேன்” என்றேன்.

“எங்கிட்ட மட்டும் சொல்லி என்னக்கா பண்றது? என்னை அனுப்புறதப் பத்தி முடிவு பண்ண சனங்க எல்லாம் இப்ப கோயில்ல கூடியிருக்கு. அங்க வந்து சொல்லுங்க” என்றாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள்.

மாரியம்மன் கோயில் வாசலில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தனின் தம்பிகள் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். மாமியார் ஓரமாக முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அஞ்சலை யாரையும் கும்பிடவில்லை. நேராக மாமியாரிடம் போனாள்.

“அத்த, ஆஸ்பத்திரியில உங்க மவன் குடிச்சான்னு யாரு சொன்னா? அவரா சொன்னாரு? காரியக்காரரு சொன்னாரு. உங்க மவன் செத்துப் போவறதுக்கு முந்தி தன் வாயால ஒண்ணு சொல்லியிருக்காரு. இந்த அக்காவுக்குத் தெரியும். நீங்க மவன் சொன்னதக் கேக்குறீங்களா, காரியக்காரரு சொன்னதக் கேக்குறீங்களா? முடிவு பண்ணிக்குங்க. அப்புறம் போவச் சொன்னா நான் போறேன்.”

தம்பிகளில் ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாமியார் கையைத் தூக்கி அவனை நிறுத்தினார். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

“எம்மவன் பேசுனானா?” என்றார். “தூக்கிட்டுப் போவயிலே நெனவே இல்லன்னாங்களே.”

“அதுக்கு முந்தி, காலையிலங்க. வயலேர்ந்து தானா நடந்து சுகாதார நிலையத்துக்கு வந்திருக்காரு. டாக்டர்கிட்டச் சொல்லியிருக்காரு.”

“என்ன சொன்னான்?”

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர் நோயாளி சொன்னதை அப்படியே எழுதுகிற வழக்கமுள்ளவர். அந்த வரி எனக்கு மனப்பாடம்.

“‘காத்து மாறி அடிச்சிருச்சு, மூஞ்செல்லாம் மருந்து. கண்ணு தெரியல. ஊசி போட்டு அனுப்புங்க, பாதி வயல் பாக்கி கெடக்கு’ன்னு சொல்லியிருக்காரு.”

கிழவி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. “இன்னொரு வாட்டி சொல்லும்மா” என்றார். சொன்னேன். அவர் உதடு என் கூடவே அசைந்தது. பிறகு எழுந்து, தம்பிகள் இருவரையும் பார்த்து, “பாதி வயல் பாக்கி கெடக்குன்னவன் சாவப் போறவனாடா?” என்று கேட்டார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அஞ்சலையின் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். அங்கிருந்து பார்த்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காரியக்காரரின் ஓட்டு வீடு தெரியும். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம்.

அந்த வீட்டைப் பார்த்து நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில் அவர் கத்தினார்.

“எலே, கேட்டுக்க! எம்மவன் குடிக்கல. காத்து மாறி அடிச்சிருச்சு! மூஞ்செல்லாம் மருந்து! பாதி வயல் பாக்கி கெடக்கு! எம்மவனே சொன்னான்டா!”